கீழ்ப் பாதி

என் கணவரின் அண்ணன் ஸ்ரீநிவாசன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி கொண்டுவந்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது என்பதால் 'கொண்டுவந்தார்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் அந்த மரியாதையை நிறுத்திப் பல வருடமாகிறது.

நாங்கள் சாப்பிட்டு எழுந்த மேஜையைக்கூடத் துடைக்கவில்லை. நீளமான கறுப்புப் பையை ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பைத் திறந்தார். நான் ரசத்தை எடுத்து உள்ளே வைத்தேன். துப்பாக்கிக்குப் பயந்து இல்லை, அவர் முழங்கை பட்டால் கொட்டிவிடும் என்றுதான்.

நாங்கள் இருப்பது ரிச்சர்ட்சனில், வாடகை வீட்டில். அவர் இருப்பது இருபது நிமிடம் வடக்கே, ஐந்து பெட்ரூம் சொந்த வீட்டில். அவர் சிட்டிசன். நாங்கள் பதினான்கு வருடமாக விசாவில் இருக்கிறோம். என் கணவர் மாதவுக்கு வேலை விசா. எனக்கும், காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பெண் ஸ்ம்ருதிக்கும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற விசா. க்ரீன் கார்டு வரிசையில் நின்று நின்று கால் மரத்துப்போன பிறகு, போன மாதம்தான் இண்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து பத்தாவது நாள். மூன்று பேர் பெயரும் அதில் இருந்தன. ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிவைத்து, தேதி மாறிவிடவில்லையே என்று தினமும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

துப்பாக்கிக்குக் காரணம் நகை. போன வருடம் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு இந்தியர் வீடுகளில் நகை திருடு போனது. அடுத்த வாரமே ஸ்ரீநிவாசன் துப்பாக்கி வாங்கிவிட்டார். அவர் மனைவியின் நகையெல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கிறது. எதைக் காப்பாற்ற வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

"இந்தா, பிடி" என்று துப்பாக்கியைத் தம்பியிடம் நீட்டினார்.

மாதவ் பேண்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "கலா பாத்துப்பாண்ணா. அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் போய் உங்களுக்குக் காபி போடறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் மாதவ் காபி போட்டு நான் பார்த்ததில்லை. டிகாக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று உள்ளிருந்து கேட்டார். பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அண்ணனுக்கு மரியாதை செய்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீநிவாசன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தார், அது வரைக்கும் ஒழுங்கு.

"மேல ஒரு பாதி, கீழ ஒரு பாதி. ரெண்டையும் பிடிச்சு ஆட்டிப் பாரு."

ஆட்டினேன். டக் டக் என்றது.

"போன வாரம் சுடற ரேஞ்சுல ஒருத்தன் கையில வாங்கி இப்படித்தான் ஆட்டினான். ஆட்டிட்டு சிரிச்சான், கலா. எங்க ஆபீஸ் ஆளுங்க நாலு பேர் நின்னுட்டிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே ஆளுங்களோட ஒரு ரான்ச்சுக்குச் சுடப் போறோம். அதுக்குள்ள ஆடாம பண்ணணும்."

"ரிப்பேர் கடையில காட்டலயா மாமா?"

"காட்டினேன். ஒண்ணும் தப்பில்ல, அப்படியே விடுங்கன்னான். நம்ம மூஞ்சியப் பாத்துட்டு இவனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சிருப்பான்."

நான் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. குழல், தோட்டா போய் உட்காரும் அறை, குறி பார்க்கும் ஸ்கோப் எல்லாம் மேல் பாதியிலேயே இருந்தன. கீழ் பாதியில் கைப்பிடி, விசை, தோளில் வைக்கும் கட்டை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்புப் பின்கள் இரண்டையும் கோர்த்துப் பிடித்திருந்தன. குண்டு எங்கே போகும் என்பதை மேல் பாதி மட்டும்தான் முடிவு செய்கிறது. கீழ் பாதி கொஞ்சம் ஆடினால் குறி தவறாது. கழற்றி மாட்டுகிற பொருளில் அந்த இடைவெளியை வேண்டுமென்றேதான் விடுவார்கள். இதை நிதானமாக அவருக்குச் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு கலா, ஒண்ணும் தப்பில்ல. ஒம்பது வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தேன், இன்ஸ்பெக்டரா இருந்தேன்னு சொல்லிட்டே இருப்பியே, அதனால கேட்டேன். டேகேர்ல டயப்பர் மாத்தி மாத்தி எல்லாம் மறந்துபோயிருக்கும்."

எனக்குக் காது மடல் சூடானது. அம்பத்தூர் எஸ்டேட்டில், அச்சுகளும் கருவிகளும் செய்கிற ஒரு டூல் ரூமில் ஒன்பது வருடம் நான் தர ஆய்வாளர். முடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவள். மிஷின்காரர்கள் நான் வருவதைப் பார்த்தால் சிகரெட்டை அணைப்பார்கள். மாதவின் விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு நான்கு வருடம் வேலை செய்யவே அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது, நடுவில் நான்கு வருடம் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு கம்பெனியிலும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். டேகேரில்தான் வேலை கிடைத்தது. இதெல்லாம் ஸ்ரீநிவாசனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பையை ஜிப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. உள்ளே போய் என் டப்பாவை எடுத்து வந்தேன். சென்னையிலிருந்து கொண்டுவந்த, நுணுக்கமாக அளக்கிற வெர்னியரும், ஃபீலர் கேஜும் அதில்தான் இருக்கின்றன. ஃபீலர் கேஜ் என்பது விசிறி போல் விரியும் மெல்லிய இரும்பு இதழ்கள். ஒவ்வொன்றிலும் கனம் எழுதியிருக்கும். எந்த இதழ் இடுக்கில் போகிறதோ அதுதான் இடைவெளி. புள்ளி இரண்டு ஐந்து தாராளமாகப் போனது. புள்ளி மூன்று பிடித்தது. கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதற்காகத்தான் இந்த மனிதருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

பிறகு அவரையே பின்களைத் தள்ளச் சொல்லி இரண்டையும் பிரித்தேன். மேல் பாதியின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருந்தது. அது கீழ் பாதியின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். காதை நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொண்டேன்.

"மேல் பாதிய நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் ஸ்ரீநிவாசன். "ஸ்கோப் என்ன விலை தெரியுமா உனக்கு? இந்த வீட்டுல விட்டுட்டுப் போக முடியாது. கீழ் பாதி வெறும் கைப்பிடிதான், அத வெச்சுக்கோ. அடுத்த சனிக்கிழமை வரேன்."

மாதவ் காபியோடு வந்தார். ஸ்ரீநிவாசன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து வைத்தார். பையோடு கிளம்பிவிட்டார். மாதவ் அவர் பின்னாலேயே கார் வரை போனார்.

மறுநாள் ஞாயிறு. சாப்பாடு முடிந்ததும் மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன்.

டூல் ரூமில் முதலில் அளவு சரிபார்க்கிற கேஜ் செய்வோம், பிறகுதான் பொருள். மேல் பாதி என்னிடம் இல்லை. அதனால் டேகேரில் கழித்துக் கட்டிய மரக் கட்டை ஒன்றை எடுத்து, எழுதிவைத்த அளவுக்கு அரத்தால் ராவி, அந்தக் காதைப் போலவே ஒன்று செய்துகொண்டேன். குழியின் அடியில் ஏதாவது மெத்தென்று வைத்தால் காதை மேல்நோக்கி அழுத்தும், ஆட்டம் நின்றுவிடும். எதை வைப்பது? கடையில் இதற்கென்றே ரப்பர் ஆப்பு விற்கிறார்களாம். என்னிடம் அதைவிட நல்லது இருந்தது. குக்கர் காஸ்கெட். ஊருக்குப் போகும்போதெல்லாம் அரை டஜன் வாங்கி வருவேன். புதுசு விறைப்பாக இருக்கும். இரண்டு வருடம் சாம்பார் வேகவைத்த காஸ்கெட் சரியான பதத்தில் இருந்தது. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசராது. ஒரு துண்டை நறுக்கி, பிளேடால் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடியும் சீவி, மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்குச் செய்கிறேன் என்பதுகூட மறந்துபோனது. ஏழாவது தடவை மரக் கட்டை குழிக்குள் இறங்கி, ஒரு அழுத்து அழுத்தியதும் உட்கார்ந்துகொண்டது. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

வேலை முடிந்ததும் சீட்டு எழுத வேண்டும். இது என் வியாதி. டூல் ரூமில் ஒவ்வொரு பொருளோடும் ஒரு ஆய்வுச் சீட்டு போகும். இங்கே வந்த பிறகும் மிக்ஸி ரிப்பேர் செய்தாலும் சீட்டு எழுதி அதன் அடியில் ஒட்டிவிடுவேன். ஸ்ம்ருதி கிண்டல் செய்வாள். ஒரு தாளில் கோடு போட்டு நிரப்பினேன். பொருள்: துப்பாக்கி, கீழ்ப் பாதி. கொடுத்தவர்: ஸ்ரீநிவாசன். கொடுத்த தேதி. இடைவெளி, வேலைக்கு முன்: 0.28. வேலைக்குப் பின்: இல்லை. அடுத்த கட்டம், கை பட்டவர்கள். டூல் ரூமில் ஒரு கேஜ் கீழே விழுந்து மூலை நசுங்கினால், யார் யார் கைக்குப் போனது என்று தெரிவதற்காக அந்தக் கட்டம். ஸ்ரீநிவாசன், கலாவதி என்று எழுதினேன். கடைசியில் பொருளின் எண்.

எண் கீழ் பாதியின் இடது பக்கத்தில் ஆழமாகப் பொறித்திருந்தது. அதை எழுதிக்கொண்டே வந்தபோதுதான் உறுத்தியது. மேல் பாதியை நேற்று நாலாபுறமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் எண் கிடையாது. விலை கூடிய பாதிக்கு எண் இல்லை, வெறும் கைப்பிடிக்கு எண் இருக்கிறது. எங்கள் வேலையில் எண்ணை எதில் அடிப்பார்கள்? நாளைக்கு யாராவது கேட்டால் எந்தத் துண்டு பதில் சொல்ல வேண்டுமோ அதில் அடிப்பார்கள்.

போனை எடுத்துத் தேடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வகைத் துப்பாக்கியில் சட்டத்தின் கண்ணுக்குக் கீழ் பாதிதான் துப்பாக்கி. மேல் பாதி வெறும் உதிரி பாகம், தபாலில் வரவழைக்கலாம். கீழ் பாதியில் குழல் இல்லாவிட்டாலும், தோட்டா இல்லாவிட்டாலும் அது துப்பாக்கிதான். அதற்கும் கீழே, யாரெல்லாம் துப்பாக்கியை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். கொலை செய்தவன், போலீசுக்குத் தப்பி ஓடியவன் என்று வரிசையாக வந்து, நடுவில் எங்களைப் போல் விசாவில் வந்தவர்கள். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு என்று போட்டிருந்தது. நாங்கள் கொசுவைத் தவிர எதையும் வேட்டையாடியதில்லை.

எழுந்து போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. ஃப்ரிட்ஜ் கதவில் கடிதம் இருந்தது. இன்னும் ஒன்பது நாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

மாதவ் ஹாலிலிருந்து எழுந்து வந்து, சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றார். படித்ததை எல்லாம் சொன்னேன். அவர் மேஜையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்படியா" என்றார். "அண்ணன் சனிக்கிழமை வருவார் இல்ல?"

"சனிக்கிழமை வரைக்கும் இது இங்க இருக்கணுமா? இப்பவே போன் போட்டு வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"அவர் இப்ப கிரிக்கெட் கிரவுண்டுல இருப்பார். டிஸ்டர்ப் பண்ணா கோச்சுக்குவார், கலா."

நானே போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், மாதவும் கேட்கட்டும் என்று. பின்னால் யாரோ அவுட் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"யாரும் பாக்கலன்னா சரியா மாமா? ஒம்பது நாள்ல எங்களுக்கு இண்டர்வியூ. இன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போங்க."

"அவ்வளவு பயமா இருந்தா கார்ல போட்டுக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போ."

"அதையும் செய்யக் கூடாது. நான் அதைக் கார்ல வெச்சுக்கிட்டு ஃப்ரீவேல வரதும் ஒண்ணுதான், வீட்ல வெச்சிருக்கறதும் ஒண்ணுதான்."

"அப்ப தூக்கி எறி. எறிஞ்சு பாரேன், திருட்டுப்போச்சுன்னு நான் கம்ப்ளெயிண்ட் குடுக்கறேன். யாரு வீட்ல வெச்சு காணாமப் போச்சுன்னு போலீஸ் கேக்கும், சொல்றேன்." சிரித்தார். "வேலை முடிஞ்சுதா, அத முதல்ல சொல்லு."

"முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா பேசாம வை. கலா, எனக்கு ஆர்டர் போடற வேலை வேணாம். உன் புருஷனை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது நான். மூணு மாசம் என் வீட்ல உக்காந்து சாப்பிட்டீங்க. சனிக்கிழமை வரேன்னா சனிக்கிழமைதான். பொருள் உன் வீட்ல இருக்கு, உன் கைரேகை அதுமேல இருக்கு. போலீஸ் வந்தா உன்னத்தான் கேக்கும், என்னை எதுக்குக் கேக்கப்போகுது?"

வைத்துவிட்டார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். மாதவ் வாசல்படியில் நின்றபடியே, "நான்தான் சொன்னேனே" என்றார். அண்ணன் கோச்சுக்குவார் என்றதோடு சரி. வேறெதுவும் அவர் சொல்லியிருக்கவில்லை.

வைத்துக்கொள்ளக் கூடாது, வெளியே எடுத்துப் போகக் கூடாது, எறியவும் முடியாது. மேஜையைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். மூன்றாவது சுற்றில் என் கண் சீட்டின்மேல் போனது. கொடுத்தவர்: ஸ்ரீநிவாசன். தேதி. எண். நாங்கள் விசாவில் இருப்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவர் அவர். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவே முடியாது. தெரிந்தே கொடுத்தவரையும் அந்தச் சட்டம் விடாது என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது.

அந்தச் சீட்டு என்னையும் மாட்டிவிடும். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. தெரிந்தேதான் போட்டோ எடுத்தேன், துப்பாக்கியின் எண்ணும் சீட்டும் சேர்ந்து தெரியும்படி. வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, கீழே ஒரே வரி எழுதினேன். 'முதல் பெயர் உங்களுடையது மாமா.'

நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. பதினெட்டு நிமிடத்தில் அவரே வந்துவிட்டார். கால்சட்டை முழங்காலில் புல் கறை. கறுப்புப் பை கையில் இருந்தது. என் வீட்டில் விட முடியாத ஸ்கோப்பை நேற்றிலிருந்து கார் டிக்கியிலேயே போட்டு வைத்திருந்திருக்கிறார்.

"என்ன மிரட்டறியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்."

அவர் மேல் பாதியை வெளியே எடுத்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆனாலும் ஆசை விடவில்லை. இரண்டையும் பொருத்திப் பின்னைத் தள்ளினார். பின்பக்கம் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. கிளிக் என்று உட்கார்ந்தது. இரு கையாலும் பிடித்து ஆட்டினார். சத்தமில்லை. மறுபடி ஆட்டினார், பலமாக. ஒரே இரும்பில் வார்த்தது போல் இருந்தது. அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடி எனக்குப் பெருமையாக இருந்தது.

நல்லா பண்ணியிருக்கே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அத்தோடு விட்டிருப்பேனோ என்னவோ.

"அந்தப் பேப்பரைக் குடு" என்றார்.

"கையெழுத்துப் போடுங்க. திரும்பப் பெற்றவர்னு கீழ ஒரு கட்டம் இருக்கு. நீங்க வெளிய போனதும் கிழிச்சுடறேன். என் பேரும் இருக்கு, நான் வெச்சுக்கப்போறதில்ல."

"போடலன்னா?"

"இங்கயே உக்காந்துக்கறேன். உங்க பொருள் உங்க கையில இருக்கறப்பவே யாரையாவது கூப்பிட்டுக் கேக்கலாம், இது யாருதுன்னு."

பல்லைக் கடித்துக்கொண்டு கிறுக்கினார். துப்பாக்கியைப் பைக்குள் வைக்கப் போனபோது, "இருங்க" என்றேன். "உள்ள இருக்கற ரப்பர் என்னுது. பின்னைத் தள்ளி எடுத்து இங்க வைங்க. நான் இனிமே அதைத் தொடமாட்டேன்."

"எந்த ரப்பர்?"

"என் குக்கர் காஸ்கெட்."

"அற்பத் துண்டு ரப்பருக்கா பேசறே?"

"ஆமா. அது என்னுது. உங்க துப்பாக்கி எப்படி வந்துதோ அப்படியே போகட்டும்."

சீட்டு என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னைத் தள்ளி, விரல் நகத்தால் நோண்டி, அந்தத் துண்டை எடுத்து பெட்ஷீட்டின்மேல் வீசினார். மறுபடி பொருத்தினார். கையில் தூக்கியதுமே டக் டக் என்றது. இந்த இரண்டு நாளில் அந்தச் சத்தம் எனக்கு அப்போதுதான் பிடித்தது.

ஜிப்பை இழுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அடிபட்டவர் திருப்பி அடிக்காமல் போவாரா?

"ஏதோ நான் உன்னை ஏமாத்திட்ட மாதிரி குதிக்கறியே. உன் புருஷனைக் கேளு. நேத்துக் காலையில கொண்டுவரேன்னு போன் பண்ணப்ப அவன்தான் சொன்னான், அண்ணா, விசால இருக்கறவங்க அதைத் தொடக்கூடாதாம், எங்க வக்கீல் மெயில் அனுப்பியிருக்கான்னு. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கலாவப் பண்ணச் சொல்லுன்னேன். சரிண்ணா, அவளப் பண்ணச் சொல்றேன்னான். அவன் சரின்னு சொன்னப்புறம்தான் நான் வண்டியவே எடுத்தேன்."

கதவைச் சாத்தாமல் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

நான் மாதவைப் பார்த்தேன். நேற்றிலிருந்து அவர் அந்தத் துப்பாக்கிமேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று நீட்டியபோது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. இன்றும் வாசல்படியைத் தாண்டவில்லை. நான் வேலை செய்த அந்த ஒரு மணி நேரமும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலா" என்றார். "அண்ணன்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது? ஒரு வாரம்தானேன்னு நினைச்சேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மூணு பேருக்கும் போயிடும், கேஸ் என் பேர்ல இருக்கு. அதனாலதான் நான்…"

மீதியை நானே முடித்துக்கொண்டேன். அதனால்தான் அவர் தொடவில்லை. அதனால்தான் என்னைத் தொட விட்டார். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் மூன்று பேருக்கும் போய்விடும், எனக்கு ஏதாவது ஆனால் எனக்கு மட்டும்தான்.

கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். கை பட்டவர்கள் என்ற கட்டத்தில் இரண்டே பெயர். ஸ்ரீநிவாசன், கலாவதி. ஒன்பது வருடம் எழுதிய சீட்டுகளில் ஒன்றில்கூட நான் தப்பாக எழுதியதில்லை. இதுவும் சரியாகத்தான் இருந்தது.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று அவர் எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"நேத்து அண்ணனுக்குப் போட்டீங்களே" என்றேன், "அதே மாதிரி எனக்கும் ஒரு காபி போடுங்க."

அவர் உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினார். டிகாக்‌ஷன் எங்கே என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நான் பின்னாலேயே போய் அந்த நெருப்பிலேயே சீட்டைக் காட்டினேன். முதலில் எண் எரிந்தது, பிறகு பெயர்கள். சாம்பலைச் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். போனிலிருந்த படத்தையும், ஸ்ரீநிவாசனுக்கு அனுப்பியதையும் அழித்தேன். அவர் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் கடிதம் அப்படியே இருந்தது. அதில் முதலில் அவர் பெயர். கீழே என் பெயர், அதற்குப் பக்கத்தில் நான் யார் என்று ஒரே வார்த்தையில் போட்டிருந்தார்கள்: மனைவி. ஒன்பது நாள் கழித்து ஆபீசருக்கு எதிரே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி, அது உண்மை என்று நான் சத்தியம் செய்ய வேண்டும்.